நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது

பத்து நிமிட ஆட்டம். எதிராளிக்கு ஒரு யானையும் இரண்டு சிப்பாயும் குறைவு. இன்னும் நாலைந்து நகர்த்தலில் மேட் விழுந்துவிடும் என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவன் கடிகாரத்தில் ஏழு நிமிடம் மிச்சமிருக்கிறது. அந்த இடத்தில் அவன் கையை எடுத்துவிடுகிறான். ரிசைன் செய்வதில்லை, ஆட்டத்தை விட்டு வெளியேறுவதுமில்லை. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கிறது. ஆறு நிமிடம் ஆகிறது, ஐந்து ஆகிறது. நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவும் பயம். போன நேரம் பார்த்துக் கடைசிப் பத்து நொடியில் காயை நகர்த்தி வைப்பான். நம் நேரம் ஓடித் தீரும். அதற்குத்தான் காத்திருக்கிறான். அதுவும் நடக்காவிட்டால், நம் ஏழு நிமிடத்தைத் தின்ற திருப்தியாவது அவனுக்கு மிஞ்சும்.

நெட்டில் செஸ் ஆடுகிறவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள். நகர்த்தல் சொல்லித்தரும் கம்ப்யூட்டர் எஞ்சின் வைத்துத் திருட்டுத்தனம் செய்பவர்களைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. இந்தச் சின்ன அற்பத்தனத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. செஸ் விதிப்படி இதில் குற்றம் என்று எதுவுமில்லை, அவன் நேரம் அவனுடையது. எனக்கென்னவோ மனிதர்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள உதவுவது இதுதான் என்று தோன்றுகிறது.

என் தங்கை மகன் ஒன்பதாவது படிக்கிறான். இங்கே கிள்ளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டவர் கொஞ்சம் நன்றாக எடுக்கும் என்பதால் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். "மாமா, அழுகுணி ஆட்டம் ஆடுறான் மாமா. தோத்தாச்சுன்னு நல்லாத் தெரியுது, ஒத்துக்க மாட்டேங்கிறான்" என்று என்னிடம் நியாயம் கேட்பான். வேறொரு நாள் அவனே அதைச் செய்தான். ராணியைப் பறிகொடுத்துவிட்டு, போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய சுண்டலைத் தின்ன உட்கார்ந்தான். என்னடா இது என்றேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்: "அவன் யாருன்னே தெரியாது மாமா. எந்த ஊரோ என்னமோ."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இணையம் வந்துதான் இந்தப் புத்தி வந்தது என்று சொல்ல முடியாது. 1895-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த போட்டியில் ஜெர்மானியரான கர்ட் ஃபான் பார்டலேபன், வில்ஹெல்ம் ஸ்டெய்னிட்ஸிடம் ஆடினார். ஸ்டெய்னிட்ஸ் உலகப் பட்டத்தை லாஸ்கரிடம் இழந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். அவருடைய யானை கறுப்பு ராஜாவின் வாசலில் போய் நின்றது. எதைக் கொண்டும் வெட்டத் துணிய முடியாத இடம். வெட்டினாலும் தோல்வி, விட்டாலும் தோல்வி. பார்டலேபன் பலகையைப் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து மண்டபத்தை விட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அவர் கடிகாரம் ஓடித் தீர்ந்தது. மேட் எப்படி விழும் என்பதை ஸ்டெய்னிட்ஸ் அங்கிருந்தவர்களுக்கு ஆடிக்காட்டினார். செஸ் வரலாற்றின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். கூடவே பார்டலேபன் எழுந்து போன கதையையும் சொல்கிறார்கள். அவர் நல்ல ஆட்டக்காரர், எத்தனையோ ஆட்டம் ஜெயித்திருப்பார். நூற்றுமுப்பது ஆண்டுகளாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு வெளிநடப்புதான். மண்டபத்தில் ஆட்கள் இருந்தார்கள், பார்த்தார்கள், எழுதிவைத்தார்கள்.

என் மருமகன் போனைக் கவிழ்த்து வைத்ததை யார் எழுதிவைப்பார்கள்? (இதோ நான் எழுதிவிட்டேன். அவன் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.)

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முடசல் ஓடை. விசைப்படகுகளைக் கட்டி நிறுத்துகிற இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை பின்னும் கூடத்தில் வலை சரிபார்க்கிற வேலை ஒரு பக்கம் நடக்கும், தாயமும் கேரமும் சீட்டும் மறுபக்கம் நடக்கும். ஆட்டத்தில் சத்தமென்றால் சாதாரணச் சத்தமில்லை. தாயக்கட்டை சாய்ந்து விழுந்தால் அது ஐந்தா ஆறா என்று இரண்டு தலைமுறைப் பகையையும் இழுத்துப் போட்டுப் பேசுவார்கள். ஒருமுறை பெரியவர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல், காய் வெட்டுப்பட்ட கோபத்தில் கட்டத்தையே கையால் அழித்துவிட்டார். சாக்பீஸில் கோடு போட்ட கட்டம், ஒரு தடவையில் போய்விட்டது. எதிரில் இருந்தவன் வயதில் சின்னவன். "சித்தப்பா, ரெண்டு ஆட்டத்துக்கு ஒங்களச் சேர்க்க மாட்டோம்" என்றான். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை அவரே சாக்பீஸோடு வந்து குந்தி, ஒரு வார்த்தை பேசாமல் கட்டம் போட்டார். மற்றவர்களும் எதுவும் கேட்கவில்லை. காய்களை எடுத்து வைத்தார்கள்.

இதை நான் பண்பாடு, பாரம்பரியம் என்று தூக்கிப் பேசப்போவதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. தடைக்காலம் முடிந்தால் இவரும் அவனும் ஒரே போட்டில் போகிறவர்கள். வலையின் ஒரு முனையை இவர் இழுத்தால் மறுமுனையை அவன் இழுக்க வேண்டும். நடுக்கடலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மீன் பிடிக்க முடியாது. ஆட்டத்தில் ஒருவன் எந்த அளவுக்குக் கேவலமாக நடந்துகொள்ளலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைப் போடுவது விதிப் புத்தகமில்லை, நாளைக்கு யார் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான்.

கிள்ளை ஸ்டேஷனில் ரயிலேறித் தெற்கே போனால் சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில் தாண்டி மயிலாடுதுறை. விஸ்வநாதன் ஆனந்த் 1969-இல் பிறந்த ஊர். வளர்ந்ததும் ஆடக் கற்றதும் வேறிடங்களில் என்றாலும், இந்தப் பக்கத்துக்காரர்கள் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை, எங்கள் ஊர்க்காரர் என்றுதான் சொல்வோம். அவர் ஆடியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அவர் தோற்ற ஓர் ஆட்டம்.

2013 நவம்பரில் சென்னையில் உலகப் பட்டத்துக்கான போட்டி. எதிரில் இருபத்திரண்டு வயது மேக்னஸ் கார்ல்சன். நவம்பர் 21, ஒன்பதாவது ஆட்டம். ஆனந்த் பின்தங்கியிருந்தார், ஜெயித்தே ஆக வேண்டும். வெள்ளைக் காய். ராஜா பக்கம் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு போய் மிரட்டினார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் கார்ல்சனின் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டம் வரை ஓடி ராணியாகிச் செக் வைத்தது. குறுக்கே பிஷப்பை வைத்து மறைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார். கார்ல்சன் புது ராணியைப் பக்கத்தில் நகர்த்தினார். அவ்வளவுதான், தாக்குதல் முழுக்கப் பொய்த்துவிட்டது. அந்த ஒரு நகர்த்தலைப் பார்த்ததும் ஆனந்த் ரிசைன் செய்தார். சொந்த ஊர், சொந்த ஜனம், கையிலிருந்து பட்டம் நழுவுகிற நேரம். கடிகாரத்தை ஓடவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கையை நீட்டினார். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பதில் சொன்னார். மறுநாள் பத்தாவது ஆட்டம் டிரா ஆனது, ஆறரைக்கு மூன்றரை என்று பட்டம் நார்வேக்குப் போனது.

இதே ஆனந்துக்கு எட்டாண்டு கழித்து இணையத்தில் வேறொரு அனுபவம். 2021 ஜூன் 13. கொரோனா நிவாரணத்துக்குப் பணம் திரட்ட, பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் செஸ்.காம் தளத்தில் ஆடினார். நடிகர்கள், பாடகர், கிரிக்கெட் வீரர் என்று எதிரில் இருந்தவர்கள் எல்லாம் வேறு வேறு துறைக்காரர்கள். ஜெரோதா நிறுவனத்தின் நிகில் காமத் மட்டும் ஆனந்தை வென்றார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரை ஒரு பங்குச்சந்தைக்காரர் வென்றால் அது செய்திதான். ஆட்டத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் துல்லியம் மனிதத் துல்லியமாகத் தெரியவில்லை. கணக்கு முடக்கப்பட்டது. மறுநாள் காமத், கம்ப்யூட்டர் உதவியும் ஆட்டம் தெரிந்தவர்களின் உதவியும் இருந்தது என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஆனந்த் அதிகம் பேசவில்லை: பலகையில் இருந்த நிலையைப் பார்த்து ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்கிற அளவில் ட்விட்டரில் எழுதி முடித்துக்கொண்டார். கணக்கும் பிறகு திறந்துவிடப்பட்டது.

எனக்கு இதில் உறுத்துவது திருட்டு அல்ல, அதன் சில்லறைத்தனம். பணம் தர்மத்துக்குப் போகிறது, ரேட்டிங் கிடையாது, பரிசு கிடையாது. தோற்றால் ஆனந்திடம் தோற்றேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தோல்வியைக்கூட ஒருவர் ஏற்கத் தயாரில்லை. இதே மனிதரை ஒரு மேசையின் மறுபக்கம் ஆனந்துக்கு நேரே உட்காரவைத்திருந்தால், பக்கத்தில் நின்று யாரேனும் காதில் நகர்த்தல் சொல்ல விட்டிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். நேரில் ஏமாற்றுகிறவன் கிடையாது என்று சொல்லவில்லை. 2006-இலேயே தில்லியில் ஒருவர் தொப்பிக்குள் புளூடூத் வைத்துக்கொண்டு ஆடிப் பிடிபட்டுப் பத்தாண்டுத் தடை வாங்கினார். ஆனால் அதற்கு ஒரு தொப்பியும், தையலும், கூட்டாளியும், கல்நெஞ்சும் வேண்டியிருந்தது. இப்போது பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்தால் போதும்.

தளங்கள் சும்மா இருப்பதாகவும் சொல்ல முடியாது. லிசெஸ் என்று ஒன்று இருக்கிறது. திபோ டூப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010-இல் தொடங்கியது. விளம்பரமில்லை, கட்டணமில்லை, நன்கொடையில் ஓடுகிறது. அதில் அடிக்கடி ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடினாலோ கடிகாரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாலோ கொஞ்ச நேரம் ஆட முடியாதபடி பூட்டிவிடும். திரும்பவும் செய்தால் பூட்டும் நேரம் கூடும். எஞ்சின் வைத்தவனைப் பிடித்தால் அவனிடம் தோற்றவர்களுக்கு ரேட்டிங் புள்ளிகளைத் திருப்பித் தருவார்கள், செஸ்.காமிலும் இது உண்டு. யாராவது அசிங்கமாக எழுதினால் அரட்டையை அணைத்துவிடலாம். ரேட்டிங்கையே கண்ணில் படாமல் மறைத்து வைக்கிற வசதியும் இருக்கிறது. அதைப் பையன்களுக்குக் கட்டாயமாக்கலாம் என்பேன். அந்த நான்கு இலக்க எண் இல்லாவிட்டால் பாதி அழுகை நின்றுவிடும்.

இன்னொன்று எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது லிசெஸில் சில சின்னப் பொத்தான்கள் வரும். வணக்கம், வாழ்த்து, மகிழ்ச்சியாக ஆடுங்கள் என்பதற்கெல்லாம் ஒவ்வொன்று. முடிந்ததும் நல்ல ஆட்டம், நன்றாக ஆடினீர்கள், நன்றி. தட்டச்சுக்கூடச் செய்ய வேண்டாம், தொட்டால் மரியாதை போய்ச் சேர்ந்துவிடும். இதையும் கெடுக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் ராணியைக் கோட்டைவிட்ட மறுநொடி, ஆட்டம் முடியாமலே, 'நல்ல ஆட்டம்' என்று எழுதி வெறுப்பேற்றுவார்கள்.

நேர்ப்பலகையில் கைகுலுக்கல் இருக்கிறது. அதிலும் சண்டை வந்ததுண்டு. 2008-இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில் பல்கேரியாவின் செபாரினோவ், நைஜல் ஷார்ட் நீட்டிய கையைப் பற்ற மறுத்தார். ஆட்டமே ஷார்ட்டுக்கு என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு மேல்முறையீடு, மன்னிப்பு, மறு ஆட்டம், அதிலும் ஷார்ட்டே ஜெயித்தார். 2025 ஜனவரியில் அதே ஊரில் நம் வைஷாலி கையை நீட்ட, உஸ்பெகிஸ்தானின் யாகுபோயெவ் கை கொடுக்காமல் உட்கார்ந்தார். காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. மத நம்பிக்கையின்படி பிற பெண்களின் கையைத் தொடுவதில்லை, அவமதிக்கும் எண்ணமில்லை என்று விளக்கம் சொன்னார். பிறகு பூவும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து வைஷாலியிடம் மன்னிப்புக் கேட்டார். அருகில் வைஷாலியின் தம்பி பிரக்ஞானந்தாவும் இருந்தார். புண்பட்டது ஒரு மேசையில், ஆறியதும் இன்னொரு மேசையில். இருவரும் ஒரே ஊரில், ஒரே போட்டியில் இருந்ததால் இது முடிந்தது. போனில் எனக்கு எதிராளியாக வருகிற பிரேசில்காரன் எங்கே பூவோடு வருவான்?

பிரேசில்காரன் மேல் கோபப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகமும் வரும். அவன் உண்மையிலேயே கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறானா, இல்லை அவன் ஊரில் மின்சாரம் போய்விட்டதா? கிள்ளையில் இருக்கிறவனுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் கடல் பக்கமிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னல் போகும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது பல கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் மருமகன் ஜெயிக்கிற ஆட்டங்களையே இப்படிப் பலமுறை இழந்திருக்கிறான். அந்தப் பக்கம் இருந்தவன் நிச்சயம் இவனைத் திட்டியிருப்பான். தளமும் இவனை ஓடுகாலிக் கணக்கில் எழுதியிருக்கும். கோபத்தில் போனவனுக்கும் கரண்ட் போனவனுக்கும் எந்திரம் எப்படி வித்தியாசம் பார்க்கும்?

பெரிய இடத்திலேயே இது நடந்தது. 2020-இல் தொற்றுக்காலம் என்பதால் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒலிம்பியாடை இணையத்தில் நடத்தியது. கால் இறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும். நிஹால் சரினோடு ஆடிக்கொண்டிருந்த ஆர்மீனியாவின் மார்ட்டிரோஸ்யானுக்கு இணைப்பு அறுந்து நேரம் தீர்ந்தது. எங்கள் பக்கம் இணையம் சரியாகத்தான் இருந்தது, குறை தளத்தில் என்று ஆர்மீனியா முறையிட்டது. இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது விதி; முறையீடு தள்ளுபடியானது. ஆர்மீனியர்கள் கோபத்தோடு விலகிக்கொண்டார்கள், இந்தியா அரையிறுதிக்குப் போனது. ஆகஸ்ட் 30, இறுதிப் போட்டி, எதிரில் ரஷ்யா. முதல் சுற்று சமன். இரண்டாம் சுற்றில் நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போய் இருவரும் நேரத்தில் தோற்றார்கள். க்ளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை பாதிக்கப்பட்டு உலகில் பல நாடுகளில் தளங்கள் முடங்கிய நாள் அது. இம்முறை முறையிட்டது இந்தியா. ஃபிடே தலைவர் துவோர்கோவிச் இரண்டு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

அன்றைக்கு நாங்களும் மகிழ்ந்தோம், பிரதமர் முதல் எல்லோரும் வாழ்த்தினார்கள். இரண்டு சம்பவமும் ஒன்றல்ல என்று வாதிடலாம். உலகளாவிய கோளாறு வேறு, தனி வீட்டுக் கோளாறு வேறு. அந்த வாதத்தில் பலமும் இருக்கிறது. இருந்தும் ஆர்மீனியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கு அறுந்தால் தங்கம், எங்களுக்கு அறுந்தால் தோல்வியா?" என்று கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தங்கத்தைப் பற்றிப் பேசும்போது நம் பத்திரிகைகள் கால் இறுதியைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்து எழுதியிருக்கலாம்.

அதே ஆண்டு கார்ல்சன் செய்ததையும் சொல்ல வேண்டும். இணையப் போட்டி ஒன்றில் சீனாவின் டிங் லிரெனின் இணைப்பு அறுந்து, ஆட்டம் கார்ல்சனுக்குப் போய்விட்டது. அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கார்ல்சன் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ரிசைன் செய்தார். எந்த விதியும் கேட்காத ஈடு. ரிசைன் என்பது இவ்வளவு மரியாதையான காரியமாகவும் இருக்கலாம் என்று அன்று நினைத்தேன். 2022 செப்டம்பர் 19 அன்று அதே கார்ல்சன், இணையத்திலேயே, அமெரிக்காவின் ஹான்ஸ் நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்த்தல் ஆடிவிட்டு ரிசைன் செய்தார். காரணம் சொல்லவில்லை, சொல்லாமலே உலகத்துக்குப் புரிந்தது, நீ திருடன் என்று. ஒரே ஆள், ஒரே பொத்தான். டிங்குக்குக் கொடுத்தது பரிசு, நீமனுக்குக் கொடுத்தது அறை.

சந்தேகம் என்ற இந்த நோய் கீழே வரை இறங்கிவிட்டது. தோற்றவன் எவனும் இப்போது "நல்லா ஆடினான்" என்பதில்லை, "எஞ்சின் போட்டுட்டான்" என்கிறான். திருட்டு உண்மையிலேயே நிறைய இருப்பதால் இதைக் கேட்டுச் சிரிக்கவும் முடிவதில்லை. முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், டேனியல் நரோடிட்ஸ்கி மேல் மாதக்கணக்கில் பொதுவெளியில் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டே இருந்தார். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இணையத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த நரோடிட்ஸ்கி 2025 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். சாவுக்கும் சந்தேகத்துக்கும் முடிச்சுப் போடுவது என் வேலையல்ல. அந்த மனிதர் தன் கடைசி வருடத்தை எப்படிக் கழிக்க வேண்டியிருந்தது என்பதே போதுமான துக்கம். எதிராளியைத் திருடன் என்று ஆதாரமில்லாமல் சொல்வதும் அழுகுணி ஆட்டத்தில்தான் சேரும். 

மரியாதை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்கு எங்கள் ஊர்த் திருவிழாதான் ஞாபகம் வரும். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்கு, முழுக்குத்துறைக்கு, வருகிறார். வழியில் தைக்கால். அங்கே தர்கா இருக்கிறது. முஸ்லிம்கள் பெருமாளுக்குப் பட்டு சாத்தி வரவேற்பார்கள், கோயில் பக்கமிருந்து தர்காவுக்கு மரியாதை போகும். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் இதை மத நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டு எழுதுகிறார்கள். நல்லதுதான். ஊருக்குள் இதை அப்படி யாரும் பார்ப்பதில்லை. போன வருடம் வந்தார், இந்த வருடமும் வருகிறார், அடுத்த வருடமும் வருவார். வருகிற பாதையில் நம் வீடு இருக்கிறது, எழுந்து நிற்கிறோம். நல்ல எண்ணம் முதலில் வந்து மரியாதை பின்னால் வந்ததா, மரியாதையைச் செய்துசெய்து நல்ல எண்ணம் வந்ததா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

பார்க்க ஆளிருந்தால் மட்டும் போதும் என்பதுமில்லை. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு காட்சிப் போட்டி. அரங்கம் நிறைய ரசிகர்கள், கத்தலாம், கொண்டாடலாம் என்று அனுமதி. அமெரிக்காவின் நகமுரா நம் குகேஷை வென்றதும் குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார். எல்லாம் நிகழ்ச்சிக்காக முன்பே பேசிவைத்தது என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும். கூட்டம் கேட்டதைக் கூட்டத்துக்குக் கொடுத்தார். அந்தக் கூட்டம் அவரை மறுநாள் பார்க்கப்போவதில்லை. குகேஷ் எப்போதும்போலக் காய்களை அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கினார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் ஜெயித்த அன்று அழுதுகொண்டே செய்ததும் அதைத்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்து ஆட வருகிறவனுக்குப் பலகையைச் சரியாக வைத்துவிட்டுப் போகிற பழக்கம். யாரோ ஒரு வாத்தியார் சின்ன வயதில் தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

போனில் அடுக்குவதற்குக் காய் இல்லை, அது தானே அடுக்கிக்கொள்கிறது. ஆனாலும் லிசெஸில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எதிராளி இணைப்பை விட்டுப் போய்விட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்கும்: வெற்றியை எடுத்துக்கொள்கிறாயா, டிரா என்று முடிக்கிறாயா? இரண்டையும் தொடாமல் காத்தும் இருக்கலாம். டிரா பொத்தானை யார் யோசித்து வைத்தார்களோ தெரியவில்லை, புண்ணியவான். ஜெயிக்கிற நிலையில் இருப்பவன் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தொடலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முகம் தெரியாதவனின் ஊரிலும் கரண்ட் போகும் என்று நினைத்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம். மருமகனிடம் இதைச் சொன்னேன். "அவன் வேணும்னே ரூட்டரைப் புடுங்கியிருந்தா?" என்றான். நான் முட்டாளாவேன் என்றேன். "ரேட்டிங் போகுமே மாமா?" போகும் என்றேன். அவனுக்குச் சம்மதமில்லை. வயது அப்படி.

நான் செய்தது வேறு. பள்ளிக்கூடத்தில் அவனோடு படிக்கிற, ஒரே பஸ்ஸில் சிதம்பரம் போய் வருகிற பத்துப் பன்னிரண்டு பையன்களைச் சேர்த்து அதே லிசெஸில் ஒரு டீம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குள் போட்டி. அதே செயலி, அதே பலகை, எதிராளி யாரென்பது மட்டும் தெரியும். முதல் வாரமே ஒருவன் யானை போனதும் கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான். திங்கட்கிழமை பஸ்ஸில் கிள்ளையிலிருந்து சிதம்பரம் வரை அவனை ஓட்டித் தீர்த்துவிட்டார்களாம். அதற்கப்புறம் யாரும் செய்வதில்லை. மின்சாரம் போனால் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள், ஆட்டத்தை மறுபடி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது வேறு தொல்லை. மானம் போய்விடுமோ என்று என் மருமகன் ஒரு குதிரை போன உடனேயே ரிசைன் செய்துவிடுகிறான், ஏதோ கிராண்ட்மாஸ்டர் மாதிரி. "டேய், உன் வயசுப் பையன் எதிர்ல ஆடுறான், அவனும் இன்னும் பத்து நகர்த்தல்ல ராணியைக் கோட்டை விடுவான், உக்காந்து ஆடுடா" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.